சாவித் துவாரத்தைச் சுற்றி

அக்கா,

காலையிலிருந்து அடுப்பில் டிகாஷன் சுண்டிக்கொண்டிருக்கிறது. குடிப்பதற்கல்ல. இரண்டு கரண்டி வால்பாறைத் தேயிலைத் தூளை ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டுக் கால் தம்ளராக வற்றவிட்டால், துவர்ப்பும் ஈர மரமும் கலந்த மாதிரி ஒரு வாசனை வருமே, அது வீடு முழுக்க நிற்கிறது. நீங்கள் இருந்திருந்தால் சமையலறை ஜன்னலைத் திறந்துவிட்டபடி, "டீக்கடைக்காரி கடையத் தொறந்துட்டாளாட்ட இருக்குது" என்று சொல்லியிருப்பீர்கள்.

இதை நீங்கள் படிக்கப்போவதில்லை. அதில் எனக்குக் குழப்பம் இல்லை. போனவர்கள் எங்கேயோ இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆறுதல் சொன்னவர்களுக்கெல்லாம் தலையாட்டினேனே தவிர, ஒருநாளும் நம்பியதில்லை. ஆனால் நேற்று சாயங்காலம் எனக்கு ஒன்று தெரியவந்தது. அதைச் சொல்வதற்கு உங்களைத் தவிர ஆள் இல்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு டெம்போ வரும். அதற்குள் எழுதிவிடப் பார்க்கிறேன்.

டெம்போ வருவது நம் பீரோவை ஏற்றிப்போக. உங்கள் தம்பி மகளுக்கு வைகாசியில் கல்யாணம். சீர் சாமான்களோடு அத்தையின் பீரோவும் போகட்டும் என்று போன வாரம் தம்பி வந்து கேட்டார். செருப்பைக் கழற்றாமல் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். "அக்கா பொருளுன்னு புள்ளைக்கு ஒண்ணு இருக்கோணுமுங்க டீச்சர். உங்களுக்குச் சங்கடமுன்னா வேண்டாமுங்க" என்றார். நான் காலேஜில் வேதியியல் நடத்துகிறவள் என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு நான் டீச்சர்தான். அது உங்களுடைய பீரோ மட்டுமல்ல, நாம் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கியது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எடுத்துக்கங்க" என்றேன். பழைய பீரோவாக அனுப்ப மனசில்லை, ஆள் அனுப்பி இங்கேயே பாலிஷ் போட்டு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அதற்கும் சரி என்றேன்.

அதை வாங்கிய நாள் உங்களுக்கு நினைவிருக்கும். மகளிர் விடுதியில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் எட்டு வருஷம் இருந்துவிட்டு, அங்கே இனி ஒரு நாளும் சாம்பார் சாப்பிட முடியாது என்று இரண்டு பேரும் ஒரே வேளையில் முடிவெடுத்து, வடவள்ளியில் இந்த வீட்டைப் பிடித்தோம். இரண்டு பெட்டி, ஒரு பவானி ஜமக்காளம், உங்கள் வர்ண டப்பாக்கள். வேறு சாமான் கிடையாது. உக்கடத்தில் பழைய சாமான் கடைகளில் ஒரு சனிக்கிழமை முழுக்க அலைந்து இந்தத் தேக்கு பீரோவைக் கண்டுபிடித்தீர்கள். கதவில் கை வைத்து, "ரேகையைப் பாரு அம்மணி, ஆத்துத் தண்ணி போறாப்பல இருக்குது" என்றீர்கள். பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கு இருபத்தைந்து வருஷம் ஓவியம் சொல்லிக்கொடுத்த கை. எதையும் தொட்டுத்தான் பார்ப்பீர்கள். நான் பூட்டு வேலை செய்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

வீட்டுக்குள் கொண்டுவரும்போது முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவிலிருக்கிற அந்தக் குறுகலான கதவு நிலை பீரோவின் இடது பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்குக் கீறிவிட்டது. நீங்கள் அழப்போகிற மாதிரி நின்றீர்கள். நான், டிகாஷன் வைத்தால் சரியாகிவிடும், தேக்கில் தேயிலைத் துவர்ப்பு பிடிக்கும் என்றேன். நீங்கள் என்னை முறைத்தீர்கள். "மரத்துக்கு யாராச்சும் டீ ஊத்துவாங்களா?" உங்கள் வழி வேறு. பழுப்புக் கிரேயானும் மஞ்சள் கிரேயானும் ஸ்பூனில் உருக்கி, கீறலில் நிரப்பி, நகத்தால் வழித்துவிட்டு, மெல்லிய தூரிகையால் மேலே ரேகையை வரைந்துவிடுவது. கடைசியில் பந்தயமாகப் போயிற்று. மேல் பாதி உங்களுக்கு, கீழ் பாதி எனக்கு.

நான் டிகாஷனை மூன்று தடவை தொட்டுத் தொட்டு வைத்து, காயவிட்டு, மெழுகுவர்த்தியைத் தேய்த்துத் துணியால் துடைத்தேன். என் பாதி கொஞ்சம் கறுப்பாக நின்றது. உங்கள் பாதியைக் காணவே இல்லை. விளக்கு வெளிச்சம் சாய்வாகப் படும்போது மட்டும் மெழுகு மினுங்கும். அதை நான் கண்டுபிடித்து வெற்றி மாதிரிச் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். "கீறலை மறைக்கோணுமுன்னா கீறலையே பாத்துட்டு இருக்கக் கூடாது கண்ணு. பக்கத்துல இருக்கற மரத்தைப் பாக்கோணும்."

அந்தப் பீரோவைப் பூட்டாமல் விட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது. இருப்பது இரண்டே பேர். காலையில் திறந்து, பையை எடுத்து, பூட்டுவீர்கள். சாயங்காலம் திறந்து, பையை வைத்து, பூட்டுவீர்கள். "திருடன் வந்தா நம்ம ரெண்டு பேரையும் தூக்கிட்டுப் போனாத்தான் உண்டு, அதுவும் பாதி வழியில இறக்கிவிட்டுருவான்" என்று நான் சொல்வேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "என்னைய இறக்கிவிடுவான். உன்ர வாய்க்கு உன்னைய ஊட்டுக்கே கொண்டுவந்து ஒப்படைச்சுட்டுப் போவான்" என்பீர்கள்.

முந்தின தீபாவளிக்குப் பிறகு சாவித் துவாரத்தைச் சுற்றிக் கீறல்கள் தெரிய ஆரம்பித்தன.

முதலில் இரண்டு, மூன்று. பித்தளைத் தகட்டுக்குக் கீழே, சாவி வழுக்கி இறங்கின மாதிரி. அவசரத்தில் பட்டிருக்கும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீங்கள் கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் டிகாஷன் வைத்து மறைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி இரண்டு. அதற்கடுத்த வாரம் ஒன்று. சொன்னால் உங்களுக்கு மனசு கஷ்டப்படும், பீரோ உங்கள் செல்லம் என்பதால் மறைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை நான் அப்போது கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. பிள்ளைகளிடம் கண்டதை மட்டும் எழுதுங்கள், நினைத்ததை எழுதாதீர்கள் என்று வருஷா வருஷம் சொல்கிறவள் நான். நான் கண்டதன்மேல் வாராவாரம் டீ பூசிக்கொண்டிருந்தேன்.

ஒரு விஷயம் மட்டும் விநோதமாகப் பட்டது. சில இடங்களில் டிகாஷன் மரத்தில் இறங்காமல் முத்து முத்தாகத் திரண்டு நின்றது. தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு, அதனால்தான் என்று விளக்கம் சொல்லிக்கொண்டேன். படித்ததன் பலன்! கண்ணாடி போட்டுக்கொள்ளும் வயது வந்தும் போடாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த கண்ணுக்கு, நாற்பது வாட் பல்பு வெளிச்சத்தில், வேறு எதுவும் தெரியவில்லை.

பொங்கலன்று தம்பி கரும்பும் மஞ்சள் கொத்தும் எடுத்துக்கொண்டு வந்தார். நீங்கள் பின்கட்டில் இருந்தீர்கள். அவர் சமையலறை வாசலில் நின்று மெதுவாகக் கேட்டார். "ஏனுங்க டீச்சர், வாசல்ல அக்கா போட்ட கோலத்தைப் பாத்தீங்களா? கோடு நேரா வரலைங்களே. அக்கா கைக்கு ஏதாச்சும்?"

"குளிருங்க. விடியக்காத்தால கை வெறச்சுப்போகுதுங்க" என்றேன்.

யோசிக்காமல் வந்த பதில். உங்களுக்கு ஏதாவது என்றால் அவர் பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கிற தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று எனக்குத் தெரியும். அவர் தம்பி. நான் யார்? ரேஷன் கார்டில்கூட நாம் ஒரே குடும்பம் இல்லை. உங்களைக் கூட்டிக்கொண்டு போனால் இந்த வீட்டில் எஞ்சுவது வாடகைக்கு இருக்கிற ஒரு பெண்பிள்ளை, அவ்வளவுதான். அந்தப் பயத்துக்குத்தான் நான் குளிர் என்று பெயர் வைத்தேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "அப்படிங்களா, சரிங்க" என்று உங்களிடம் போனார்.

ஆடியில் அது நடந்தது. வெளியே காற்று தென்னைகளை உலுக்கிக்கொண்டிருந்தது. நீங்கள் பள்ளிக்குக் கிளம்பி பீரோ முன்னால் நின்றீர்கள். சாவி துவாரத்தில் படாமல் கீழே இறங்கியது. திரும்பத் தூக்கினீர்கள். மறுபடி இறங்கியது. மூன்றாவது தடவை இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முயன்றீர்கள். நான் பின்னால் நிற்பது உங்களுக்குத் தெரியாது. அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். ஒன்பது மாதமாக அதைத்தானே செய்துகொண்டிருந்தேன். அன்றைக்கு மட்டும் முன்னால் வந்து, உங்கள் கையிலிருந்து சாவியை வாங்கி, நானே திறந்துவிட்டு, "எத்தனை நாளா அக்கா?" என்று கேட்டேன்.

நீங்கள் என் கையிலிருந்த சாவியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு, "பாத்துட்டயா அம்மணி" என்றீர்கள். கோபமாகவும் இல்லை, நிம்மதியாகவும் இல்லை.

அந்த வாரமே டாக்டரிடம் போனோம். நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, தசை ஒவ்வொன்றாக அடங்கும், இதற்கு மருந்து இல்லை என்றார். உங்களை வெளியே உட்காரவைத்துவிட்டு, முன்னாலேயே வந்திருந்தால் என்று நான் ஆரம்பித்தேன். "ஒண்ணும் மாறியிருக்காதும்மா" என்றார். அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் பல நாள் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை வாடகைக் கார் வந்து நின்றது. பெட்டி தயாராக இருந்தது. யாரும் உங்களைக் கூப்பிடவில்லை. நீங்களே தம்பிக்குச் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். நான் லீவு போடுகிறேன், கூடமாட ஒரு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றெல்லாம் சொன்னேன். நீங்கள் காதிலேயே வாங்கவில்லை. "நாலு நாள் இருந்துட்டு வாரேன்" என்றீர்கள். பீரோ சாவி மேஜைமேல் கிடந்தது. அதை நீங்கள் மறந்து வைத்துவிட்டுப் போகிறவரல்ல.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் மேட்டுப்பாளையம் பஸ் ஏறித் தம்பி வீட்டுக்கு உங்களைப் பார்க்க வந்தேன். கை போயிற்று. கால் போயிற்று. கார்த்திகையில் பேச்சும் குழறிவிட்டது. ஒவ்வொரு வாரமும் ஒரே கேள்வியை வாயில் வைத்துக்கொண்டு வந்து, அப்படியே திரும்பிப் போனேன். நான் கேட்ட மறுவாரமே ஏன் கிளம்பினீர்கள்? நான் சாவியை வாங்கியது அவமானமாகப் பட்டதா? இவளிடம் இருந்தால் நம்மைக் கையாலாகாதவளாக்கிவிடுவாள் என்று தோன்றிற்றா? கடைசியில், கேட்டாலும் பதில் சொல்ல உங்களுக்கு நாக்கு இல்லை. எழுதக் கை இல்லை. மார்கழியில் அந்தக் கேள்விக்கு ஆளும் இல்லாமல் போயிற்று.

நேற்று பாலிஷ்காரர் வந்தார். காதர் பாய் என்று பெயர், கோட்டைமேட்டுக்காரர், அறுபது வயது இருக்கும். துணைக்கு ஒருவரோடு பீரோவைத் தூக்கி முன்னறைக்குக் கொண்டுவந்தார். அதே நிலை, அதே இடது பக்கம். பழைய கீறலுக்கு ஒரு சாண் மேலே புதிதாக ஒரு முழம் கீறிவிட்டது. "அல்லா, மன்னிச்சுக்கோங்கம்மா, நாளைக்குத் தேய்க்கறப்ப இதும் போயிருமுங்க" என்று பதறினார். பிறகு பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுக் கதவைத் துடைத்துக்கொண்டே வந்தவர், சாவித் துவாரத்திடம் வந்ததும் நின்றுவிட்டார். குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"ஏனுங்கம்மா, இதுல ரெண்டு பேரு கை இருக்குதுங்களே?"

"ஒருத்தி நான்தான். டிகாஷன் வெச்சேன்" என்றேன்.

"டீ தெரியுதுங்க. டீக்கு மேல மெழுகு இருக்குதுங்க. மெழுகுக்கு மேல திருப்பி டீ. அதுக்கு மேல மெழுகு. மாத்தி மாத்தி." அவர் சிரித்தார். "ரெண்டு பேரும் பேசிவெச்சுக்கலீங்களாட்ட இருக்குது. மெழுகு மேல டீ எப்படீங்க ஒட்டும்?"

நான் கண்ணாடியைத் தேடி எடுத்துவந்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த இடத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

உங்களுடைய பழுப்பு, உங்களுடைய மஞ்சள். எனக்கு முன்னால் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறவர் நீங்கள். நான் வெள்ளிக்கிழமைகளில் பூசினேன். நீங்கள் மற்ற நாட்களில் பூசியிருக்கிறீர்கள். நான் பார்த்ததெல்லாம் நீங்கள் மறைத்ததுபோக மிச்சம். நீங்கள் பார்த்ததும் நான் மறைத்ததுபோக மிச்சம்.

"பாருங்கம்மா, மேல ரேகை முடி மாதிரி நேரா போகுதுங்க. எந்தக் கையோ, எங்களுக்கே வராதுங்க" என்றார் காதர் பாய். அவர் விரல் கீழே இறங்கியது. "இங்க வர வர நடுங்குதுங்க. இது வளைஞ்சுபோச்சு. இங்க வரையறதை விட்டுட்டாங்க, வெறும் மெழுகுதான்." அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தார். துணியை மடித்து வைத்துவிட்டு, "நாளைக்கு வாரோமுங்க" என்று எழுந்துகொண்டார்.

ஒரு சாண் அகல மரத்தில் ஒன்பது மாதமும் இருந்தது அக்கா, தேதி போடாத குறையாக. உங்கள் கை தளர்வது ஆரம்பத்திலிருந்தே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சாயங்காலம் தெருமுனை எஸ்டிடி பூத்துக்குப் போய்த் தம்பிக்குப் போன் செய்தேன். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, முன்னுரை இல்லாமல் சொன்னேன். "பொங்கலுக்கு நீங்க கேட்டப்ப குளிருன்னு சொன்னேன். அது பொய்ங்க. அக்கா கை சரியில்லைன்னு எனக்கு அப்பவே தெரியும். உங்ககிட்ட மறைச்சேன்."

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எனக்கும் அப்பவே தெரியுமுங்க டீச்சர்" என்றார். "பொங்கலுக்கு முந்தியே அக்கா சொல்லிப்போட்டாங்க."

"அப்பறம் எதுக்குங்க என்கிட்டக் கேட்டீங்க?"

"அக்காதான் கேட்டுட்டு வரச் சொன்னாங்க. உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சா, இல்லையான்னு. தெரிஞ்சா அன்னைக்கே என்ர கூடப் பொறப்பட்டு வாரேன்னு சொல்லியிருந்தாங்க. 'அவளுக்குத் தெரிஞ்சா வேலைய உட்டுட்டு என்னையத் தூக்கி உக்கார வெச்சுட்டு இருப்பா. அது ஆகாது. அவ கண்டுபுடிக்கற வரைக்கும் இந்த ஊட்டுலயே இருந்துக்கறேன்'ன்னாங்க." அவரே தொடர்ந்தார். "நீங்க குளிருன்னு சொன்னீங்க. நான் பின்னால போயி அதையே சொன்னேனுங்க. அக்கா சிரிச்சுப்போட்டு, 'அப்ப இன்னுங் கொஞ்ச நாளு இருக்கலாம்டா'ன்னாங்க."

பூத்துக்காரர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலிஷ் வேண்டாம் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். ஏன் என்று தம்பி கேட்கவில்லை. "அப்படியே அனுப்புங்க டீச்சர். புள்ளைக்கு நான் சொல்லிக்கறேன். இல்லீன்னா நீங்களே வெச்சுக்கங்க, ஒண்ணுமில்லீங்க" என்றார். போகட்டும் என்றேன். இங்கே இருந்தால் நான் மறுபடி எதையாவது பூசிவிடுவேன்.

இன்று காலை காதர் பாய் வந்தார். வேண்டாம் என்றதும், "அதுதானுங்க நானும் நெனச்சேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டார்.

எனக்குக் கோபம் இருக்கிறது அக்கா. அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து என்னைவிட்டுப் போனீர்கள். தூக்கி உட்காரவைப்பேனா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உட்காரவைத்திருப்பேன். தலை வாரி விட்டிருப்பேன். அந்த ஒன்பது மாதமும் நீங்கள் நாலு மணிக்குத் தனியாக உட்கார்ந்து, ஸ்பூனில் கிரேயான் உருக்கி, நடுங்குகிற கையை மறு கையால் பிடித்துக்கொண்டு கோடு போட்டீர்களே, அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்திருப்பேன். டாக்டர் சொன்னது சரி, நோயில் எதுவும் மாறியிருக்காது. அவர் நோயைப் பற்றித்தான் பேசினார்.

அதே வாயால் இதையும் சொல்ல வேண்டும். குளிர் என்று நான் சொன்ன அந்த ஒரு பொய் தையிலிருந்து ஆடிவரை உங்களை இந்த வீட்டில் இருக்க வைத்தது. அந்தப் பங்குனியில்தான் மொட்டை மாடியில் வடாம் பிழிகிறேன் பேர்வழி என்று காக்காய்க்குப் பாதி கொடுத்தோம். சித்திரையில் கேபிள் கனெக்‌ஷன் வாங்கி, ஒரு வாரத்தில் அலுத்துப்போய் வேண்டாம் என்றோம். அதெல்லாம் அந்தப் பொய்யில் கிடைத்தது. பொங்கலிலிருந்து குற்றமாகச் சுமந்துவந்த ஒரு வார்த்தையை இனி எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் ஆதாரம் இருக்கிறது. அப்படியே, முடிவெடுக்காமல், வைத்துக்கொள்கிறேன். அதுதான் இப்போதைக்கு உங்களிடமிருந்து என்னிடம் இருப்பது.

டிகாஷன் வற்றிவிட்டது. நேற்று நிலை கீறிய கீறலை ஈரத்துணியால் துடைத்து, தூரிகையால் மூன்று தடவை தொட்டு வைத்தேன். உங்கள் வர்ண டப்பாவிலிருந்து எடுத்த தூரிகைதான், மன்னியுங்கள். இந்தத் தடவை டீ நன்றாக இறங்கியது. காய்ந்ததும் மெழுகுவர்த்தியைத் தேய்த்துத் துடைத்தேன். வழக்கம்போலக் கொஞ்சம் கறுப்பு.

கீழ் பாதி மட்டும். உங்கள் மேல் பாதியைத் தொடவில்லை. வெள்ளையாக அப்படியே இருக்கிறது. டெம்போக்காரர் பார்த்தால், பாதியிலேயே விட்டுவிட்டீர்களே என்று கேட்பார்.